“அவளத் தூக்குடி!”

துப்பாக்கி கேம் ஆடும் பிள்ளைகள் நிஜத்திலும் அடிதடிக்குப் போவார்களா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவன். பெங்களூர் ஆடுகோடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் எட்டாவது படிக்கும்போது, இடைவேளையில் தன் உயிர்த்தோழியைத் தண்ணீர் பாட்டிலால் அடித்துவிட்டாள். பள்ளியிலிருந்து போன் வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா?” எவர்சில்வர்தான். பிளாஸ்டிக் உடம்புக்கு ஆகாது என்று நானே தேடிப்பிடித்து வாங்கித் தந்தது.

அடி தோளில் பட்டு வீங்கியிருந்தது. தலையில் படாதது யார் செய்த புண்ணியமோ. வகுப்பு டீச்சர் கன்னடக்காரம்மா. மகளும் அந்தத் தோழியும் ஆடும் த்ரோபால் டீமுக்கும் அவர்தான் கோச். என்னை உட்காரவைத்து, கோபமே இல்லாமல், எல்லாம் அந்த மொபைல் கேமால் வந்த வினை என்றார். இரண்டு பெண்களும் ஒரே கேமைச் சேர்ந்து ஆடுகிறவர்களாம். சுடு, கொல்லு என்று நாள் முழுக்க ஆடினால் கை சும்மா இருக்குமா சார் என்று கேட்டார். வீட்டில் என்ன முடிவு எடுக்கிறீர்களோ, எடுத்துவிட்டு வந்து சொல்லுங்கள், அதுவரை உங்கள் மகள் டீமில் இல்லை என்றார்.

சனிக்கிழமை வேறொரு பள்ளியோடு மேட்ச். அதற்காக என் மகள் வெயில் ஏறுமுன் எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். எழுப்பினாலும் எழாத பெண், தானாக எழுந்து ஓடினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இனி அவள் ஆடுவதும் ஆடாததும் என் கையில்.

எனக்கோ வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த வாரம்தான், அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “அவளத் தூக்குடி, தூக்கு. எவன் வந்தாலும் நான் பாத்துக்கறேன்” என்று யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தேன். எங்கள் கடைத்தெருவில் ‘ஆளைத் தூக்கு’ என்றால் ஒன்று கடத்து, இல்லாவிட்டால் தீர்த்துவிடு. அப்போது நான் ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிட்டேன். டீச்சர் பேசப் பேச, தோழியை அடிக்க அன்றைக்கே போட்ட திட்டம்தானோ அது என்று தோன்றிவிட்டது.

மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போது, அல்சூர் பக்கம் சிக்னலில் நின்றோம். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“அன்னிக்கு யாரம்மா தூக்கச் சொன்ன?”

“என்னப்பா?”

“‘அவளத் தூக்குடி’ன்னியே. யார?”

பின்னால் ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு கிளம்பியது. பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“ஐயோ அப்பா, கேம்ல கீழ விழுந்தவங்கள எழுப்பி விடறதுதான் தூக்கறது. நீ என்னன்னு நெனச்ச?”

நான் என்ன நினைத்தேன் என்று ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

சிரித்தாளே தவிர, ஏன் அடித்தாய் என்றால் வாயைத் திறக்கவில்லை. சரி, அந்த கேமைத்தான் பார்த்துவிடுவோம் என்று, மர்பி டவுனில் எங்கள் வீட்டு ஹாலில் மனைவியின் போனை வாங்கிக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். மகள் பக்கத்திலேயே தன் போனோடு. எனக்கு நடக்கவே வரவில்லை. சுவரைப் பார்த்து ஓடினேன். யாரோ சுட்டார்கள், விழுந்தேன். விழுந்தால் உடனே சாவதில்லை. தவழ்ந்துகொண்டே இருக்கலாம். நம் ஆள் யாராவது வந்து தூக்கிவிட்டால் எழலாம். யாரும் வராவிட்டால் கதை முடிந்தது.

நான் தவழ்ந்தேன். அந்த நேரம் பார்த்து வானத்திலிருந்து பாராசூட்டில் ஒரு பெட்டி இறங்கியது. அதில் பெரிய துப்பாக்கிகள் இருக்குமாம். மகள் என்னைத் தாண்டி அதை நோக்கி ஓடினாள்.

“என்னத் தூக்கும்மா,” என்றேன். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் செத்தேன். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். மோட்டார் கருகினால்கூட அப்படி வந்ததில்லை.

அவள் போனைக் கீழே வைத்தாள். “இப்ப தெரியுதா? அவளும் இப்பிடித்தான் என்ன விட்டுட்டுப் பெட்டிக்கு ஓடுனா. மறுநாள் கிளாஸ்ல எல்லார் கிட்டயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

வேண்டுமென்றேதான் என்னைக் கிடக்கவிட்டிருக்கிறாள். அப்பனுக்கே பாடம்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ரொம்ப வலிச்சிருக்குமாப்பா?” என்றாள்.

“எவர்சில்வர்மா. தண்ணி வேற ரொம்பி இருந்துது.”

அன்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் மகளோடு பள்ளிக்குப் போய் டீச்சரிடம் உள்ளதைச் சொன்னேன். சண்டை கேமால் வந்ததுதான், ஆனால் அதில் உள்ள துப்பாக்கியால் வந்ததல்ல, விழுந்தவளை விட்டுவிட்டு ஓடியதால் வந்தது என்றேன். எங்கள் கடைத்தெருவில் லேத்துக்காரரும் பேட்டரிக்காரரும் கேரம் ஆடும்போது, ரெட் காயினுக்காக ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு நின்ற கதையையும் சொன்னேன். கேரம்போர்டில் எந்தத் துப்பாக்கி இருக்கிறது?

டீச்சர் சிரித்தார். ஆனால் கேரம்போர்டு படுக்கைக்குக் கூடவே வராது சார், இது வருகிறதே என்றார். அது உண்மைதான். அதனால் பள்ளி உள்ள நாட்களில் கேம் கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மகள் என்னை முறைத்தாள்.

டீமில் சேர்க்கலாமா என்பதை அடிபட்டவளே சொல்லட்டும் என்று டீச்சர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவளும் நம் தமிழ்ப் பெண்தான். வந்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மொதல்ல ஸாரி கேக்கட்டும் மிஸ்.”

என் மகள் ஷூவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். மூஞ்சியப் பார்த்துக் கேளு என்றாள் அவள். இவள் நிமிர்ந்து பார்த்து, இன்னொரு முறை கேட்டாள். குரல் உடைந்துவிட்டது.

“சரி, ஆடட்டும்,” என்றாள் தோழி. அப்புறம் கொஞ்சம் மெதுவாக, “நானும் உன்னத் தூக்கியிருக்கணும்டி.”

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மேட்சுக்குப் போனேன். பந்தைத் தரையில் விடாமல் பிடித்து வலைக்கு அந்தப் பக்கம் எறிய வேண்டும், அதுதான் த்ரோபால். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று நன்றாகத்தான் ஆடினார்கள். ஒரு முறை எதிர் டீம் வலையை ஒட்டிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பந்து என் மகள் கையில். உயரமாக எறியட்டும் என்று, இருந்த இடத்தை மறந்து கத்திவிட்டேன்.

“தூக்கும்மா! தூக்கு!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவ்வளவுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பந்து நழுவிக் காலடியில் விழுந்தது. பாயிண்ட் போயிற்று. டீச்சர் யாரது என்று திரும்பிப் பார்த்தார்.

இடைவேளையில் தோழிதான் என்னிடம் வந்தாள். தோளில் வீக்கம் வடிந்திருந்தது.

“அங்கிள், அடுத்த மேட்சுக்கு நீங்க கடையிலயே இருங்க, ப்ளீஸ்.”