இஜாஸின் கோட்டுக்குள் இருந்தவர்

எங்கள் கட்டடத்தில் கணவன்மார்கள் வாசலில் பூட்ஸாக வசிக்கிறார்கள். கனடாவின் மிசிசாகாவில் இருபத்திரண்டு மாடி. மனைவியும் பிள்ளைகளும் மேலே, சம்பளம் வளைகுடாவில், தம்மாமிலோ தோஹாவிலோ. நிரந்தரமாக வசிக்கலாம் என்று அரசு அட்டை கொடுத்திருக்கிறது. பதிலுக்கு அது கேட்பது ஒன்றுதான்: ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாளாவது இங்கே இருங்கள். இரவு பதினொன்றரைக்கு வந்து இறங்கினாலும் அது முழு நாள். அந்த அரைமணி நேரத்துக்காக டிக்கெட்டுக்கு அதிகம் கொடுத்தவர்கள் எங்களிடையே உண்டு. புத்திசாலிகள் என்றும் பெயர் உண்டு.

அந்தக் காலத்தில் நாடு உள்ளே வருகிறவரை எழுதி வைத்துக்கொள்ளும், வெளியே போகிறவரை எழுதாது. வந்த ஆள் தங்கினாரா என்பதற்கு அவரே ஆதாரம் காட்ட வேண்டும். இந்த ஓட்டைக்குள் குடியேறியவர்தான் ஷௌகத்.

பாகிஸ்தானின் குஜ்ரான்வாலாக்காரர், ஏ.சி. மெக்கானிக். 2006இல் வந்து அட்டை வாங்கி, ஒரே மாதத்தில் ஷார்ஜா வேலைக்குத் திரும்பினார். 2008 டிசம்பரில் அந்த வேலை போய் மறுபடி வந்தவர், பிறகு நகரவே இல்லை. ஏ.சி. மெக்கானிக்குக் கனடாவின் ஜனவரியில் என்ன வேலை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. எங்கள் வீடுகளில் குழாய் மாற்றினார், சோபா தூக்கினார். கூலி கையில். பக்கத்துத் தெருவில் ஒரு நிலவறையில் கட்டில் மட்டும் வாடகை, அதுவும் கையில். ரசீது கிடையாது.

ஒன்பதாம் மாடி துர்தானா பாஜிதான் முதலில் கேட்டார்; பாஜி என்றால் உருதுவில் அக்கா. அவர் கணவர் இஜாஸ் தம்மாமில் பொறியாளர்.

"ஷௌகத் பாய், நூலகம் பக்கம்தான போறீங்க? இவரு கார்டுல ரெண்டு புத்தகம் எடுத்துட்டு வாங்க."

"என்ன புத்தகம் பாஜி?"

"எதுவா இருந்தா என்ன? படிக்கவா போறாரு!"

அப்படியே, இஜாஸ் இங்கே இருந்ததற்குத் தடயமாக நீச்சல்குளத்தின் கார்டு, பல் வைத்தியரின் முன்பதிவு, செவ்வாய்தோறும் வங்கி அட்டையில் ஒரு காபி. ஒரு வருடத்தில் பதினோரு வீட்டுக் கணவன்மார்கள் ஷௌகத்தின் சட்டைப்பையில் இருந்தார்கள். அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். என் அட்டையும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

அவருடைய கோட் ஷார்ஜாவில் வாங்கியது. காற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற கோட். பார்க்கச் சகிக்காமல் துர்தானா இஜாஸின் கோட்டையும் பூட்ஸையும் கொடுத்தார்; ஷௌகத் தினமும் வந்து போட்டுக்கொண்டு போய், திரும்பி வந்து வாசலில் வைத்துவிடுவார். வினை அங்கேதான். எதிர்வீட்டுக் கிழவர் வால்ட்டர் மின்தூக்கியில், "இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் எனக்கு வணக்கம் சொன்னாரும்மா, நல்ல மனுஷன்" என்றார். துர்தானா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். வாசலில் பூட்ஸ் ஈரமாக இருந்தது, கீழே பனி உருகித் தண்ணீர். யோசிக்காமல் இரண்டு கோப்பை தேநீர் போட்டார். இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியாமல் அது ஆறும்வரை எதிரே உட்கார்ந்திருந்தாராம். அடுத்த வாரமும் இரண்டு போட்டார். அந்த முறை மறதியில் இல்லை என்று என் மனைவியிடம் சொன்னார்.

கோடையில் நிஜ இஜாஸ் மூன்று வாரம் வந்தபோது வால்ட்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "விருந்தாளியா?" என்று கேட்டார்.

2011இல் இஜாஸின் அட்டை புதுப்பிக்கப்பட்டது. நூலகச் சீட்டு, பல் வைத்தியர் கடிதம், காபி காபியாக ஓடும் வங்கித் தாள்கள். இரண்டு வருடம் ஒழுங்காக வாழ்ந்த மனிதர்! எல்லா வீட்டுக்கும் லட்டு கொடுத்தார்கள். அதே மாதம் ஷௌகத்தும் விண்ணப்பித்தார். அவர் உண்மையாகவே எண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாள் இங்கே இருந்தவர். ஆதாரம் கேட்டார்கள். வீட்டு ஒப்பந்தம்? இல்லை. வரி? கட்டியதில்லை. வங்கி? அவர் காபி குடித்ததெல்லாம் இஜாஸ் பெயரில். மருத்துவர்? கனடாவில் அவருக்குத் துப்புரவு செய்யப்பட்ட பல்கூட இஜாஸுடைய பல்தான்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, மேல்முறையீடு ஒன்றுதான் பாக்கி. தோற்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். குஜ்ரான்வாலாவில் அவருக்கு யாரும் மிச்சமில்லை.

"யாராவது ஒருத்தர் வந்து, நான் இங்கதான் இருந்தேன்னு சொன்னா போதும்னு வக்கீல் சொல்றாரு" என்று வீடு வீடாக வந்தார்.

எங்கள் வீட்டில் நானே கதவைத் திறந்தேன். "அன்னிக்கு ஊர்ல இருக்க மாட்டேனே பாய்" என்றேன். ஊரில் இல்லாமலிருப்பதில் எங்களுக்குள்ள பயிற்சி அப்படி.

துர்தானா மட்டும், "நான் வரேன்" என்றார்.

"இஜாஸ் பாய்க்குத் தெரியுமா?"

"அவருக்கு என்ன தெரியும்? அவரு இங்க இருந்தாத்தான!"

விசாரணை நகரத்தில், ஜன்னலில்லாத அறையில். துர்தானா என் மனைவியைத் துணைக்கு அழைத்துப்போனார். நடந்ததை அவள்தான் சொன்னாள். தலைமை வகித்த பெண்மணி மரியாதையாகத்தான் கேட்டாராம். மொழிபெயர்ப்பவர் உருதுவில் சொன்னார்.

"2010 பிப்ரவரியில இவரைப் பாத்தீங்களா?"

"தினமும் பாத்தேன்."

"எங்க?"

"என் வீட்டுல."

"அப்ப உங்க கணவர் எங்க இருந்தாரு?"

துர்தானா வாயைத் திறந்தார். கணவர் இங்கேதான் இருந்தார் என்றால், அன்னிய ஆண் ஒருவன் தினமும் அங்கே என்ன செய்தான் என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றால் இஜாஸின் அட்டை போயிற்று, பிள்ளைகளின் தகப்பன் இனி எந்தக் கோடையிலும் வர முடியாமல் போகலாம். துப்பட்டா நுனியைச் சுருட்டினார், பிரித்தார்.

ஷௌகத் எழுந்தார்.

"அம்மா, இவங்களை விட்டுடுங்க. இவங்க வேற யாரையோ நினைச்சுக்கிட்டு வந்திருக்காங்க. எனக்கு இவங்களைத் தெரியாது."

வக்கீல் அவருடைய சட்டைக்கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண்மணி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார், "அப்போ இங்க உங்களைத் தெரிஞ்சவங்க யாரு?"

"யாரும் இல்லீங்க. நான் மட்டும்தான் இருந்தேன்."

அதை எழுதிக்கொண்டார்கள். கீழே இறங்கியபோது துர்தானாவும் என் மனைவியும் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பிடித்தார்கள். மழையும் பனியுமாகப் பெய்துகொண்டிருந்தது. ஷௌகத் ஷார்ஜா கோட்டில் நின்றார்.

"ஷௌகத் பாய், ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். வழி கேட்கும் அன்னியப் பெண்ணிடம் காட்டும் அதே கூச்சத்தோடு அரையடி விலகி, இடம் விட்டு நின்றார். துர்தானா மறுபடி பெயர் சொல்லி அழைத்தார். அழ ஆரம்பித்தார். ஷௌகத் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. நடிப்பு இல்லை, அந்தக் கண்ணுக்குத் தன்னைத் தெரியவே இல்லை என்கிறார் துர்தானா. நடிப்புதான் என்று நாங்கள் பத்து வீட்டாரும் சாதிக்கிறோம்.

பேருந்து வந்ததும், "நீங்க முதல்ல ஏறுங்கம்மா" என்றார். இத்தனை வருடம் பாஜி என்று கூப்பிட்டவர். இவர்கள் ஏறி இடம்பிடித்துத் திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது. அவர் ஏறியிருக்கவில்லை. நிறுத்தத்திலும் இல்லை.