உள்கால் அளவு

எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, சைக்கிள் ஃபிரேம் செய்கிறவர் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். ஆம்பளைகளுக்குத் தொடையிடுக்கில் அளவு எடுக்கிற பொம்பளை வீடு எது என்று கேட்டுப்பாருங்கள், வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். இது என் காதுக்கு வராது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. வந்தது. அதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, கோபப்பட்டிருக்கிறேன். கோபம் வந்த நாட்களில் அரம் பிடிக்கிற கை இன்னும் நன்றாக ஓடும்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். வருவதற்கு முன்பும், வந்த பிறகு சில வருடங்களும், ஓசூரில் ஒரு கம்பெனியில் ஏசி மெஷினுக்குச் செப்புக் குழாய் ஒட்டுகிற லைனில் வேலை பார்த்தேன். அந்த லைன் முழுக்கப் பெண்கள். குழாய் எந்தச் சிவப்புக்கு வந்தால் கம்பி தானாக உருகி மூட்டுக்குள் ஓடும் என்பது எங்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் அந்த லைனை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்ணை மட்டும் அவர்களால் வாங்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஃபிரேம் வேலைக்கு நான் வந்தது என் வீட்டுக்காரரால். அவர் காய்கறி டெம்போ ஓட்டுகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டைச் சாலையில், ஃபிரேமில் விரிசல் விட்ட ரேஸ் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்த பெங்களூர்க்காரர் ஒருவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "எங்க வூட்ல ஒட்டுவாங்க, பாருங்க" என்று அவரிடம் பீற்றல் வேறு. ஒட்டினேன். வந்தவர் அதிலேயே ஏறி வீடு போய்ச் சேர்ந்தார். அடுத்தடுத்த வாரங்களில் அவருடைய நண்பர்கள் வந்தார்கள். முதலில் ரிப்பேர்தான். பிறகு மெல்லிய ஸ்டீல் குழாய் வரவழைத்து, அறுத்து, ஒரு குழாயின் நுனி இன்னொன்றின் முதுகில் இடைவெளி இல்லாமல் உட்காரும்வரை அராவி, பித்தளைக் கம்பியால் ஒட்டி, முழு ஃபிரேமே செய்யத் தொடங்கினேன்.

கடையில் விற்கிற சைக்கிள் நாலைந்து அளவில் வரும். மனிதர்கள் அப்படி வருவதில்லை. காலெல்லாம் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் பிறந்தவர்கள், ஐந்தடியை எட்டாத பெண்கள், சித்தேரி மலைச் சாலையில் மூச்சு வாங்க ஏறுவதை விடுமுறை என்று நினைக்கிற பைத்தியங்கள், இவர்கள்தான் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது நிறத்தை அல்ல, விலையைப் பற்றியும் பேசுவதில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கச் சொல்வேன்.

உள்கால் அளவு என்பது இதுதான். வெறுங்காலோடு, முதுகைச் சுவரில் ஒட்டி, காலைக் கொஞ்சம் அகட்டி நிற்க வேண்டும். ஒரு சின்னப் பலகையை இரண்டு தொடைகளுக்கு நடுவில் மட்டமாகப் பிடித்து, சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு எங்கே படுமோ அதுவரை அழுத்தி மேலே தூக்க வேண்டும். பலகை சுவரில் தொடுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. தரையிலிருந்து அந்தக் கோடு வரை எவ்வளவோ, ஃபிரேமின் மற்ற அளவெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும். அது தப்பினால் மேலே எவ்வளவு அழகாக ஒட்டியும் பிரயோஜனம் இல்லை, ஓட்டுகிறவரின் முட்டி போய்விடும்.

பலகையை வந்தவரே பிடித்துக்கொள்வார். நான் மட்டம் பார்த்து, இன்னும் மேலே என்பேன், கோடு போடுவேன், அவ்வளவுதான். ஆனால் இந்த விவரத்தை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. என் கை படவில்லை என்று ஒவ்வொரு வாசலாகச் சத்தியம் செய்துகொண்டு திரிந்தால், பட்டிருந்தால் தப்புதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த வேலை என்னால் ஆகாது.

வேலை நடந்தது தோட்டத்துக் கொட்டகையில். கொட்டகை கூட்டுக் குடும்பத்துச் சொத்து. வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மாமா முறை, அவர்தான் அதற்கெல்லாம் பொறுப்பு. கெட்ட மனிதர் அல்ல. நான் வேலையைத் தொடங்கியபோது கூரையில் ஓட்டை விழுந்திருந்த இடங்களில் தகரம் போட்டுக் கொடுத்தவர் அவர். ஆனால் ஊர்ப் பேச்சு என்றால் மனிதருக்குச் சோறு இறங்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணன்காரர் தம்பி மனைவியிடம் நேராகப் பேச மாட்டார். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, இரண்டடி தூரத்தில் நான் நின்றாலும், எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் என் மாமியாரிடம்தான் சொல்வார். நானும் அத்தையிடம்தான் பதில் சொல்வேன். அத்தை பாவம், இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

தக்காளி மண்டியில் யாரோ அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம் நேராகக் கொட்டகை வாசலுக்கு வந்து, உள்ளே ஒட்டுகிற கேஸ் டார்ச்சை அணைத்துவிட்டு நிமிர்ந்த என்னைப் பார்க்காமல், வாசலில் நின்ற அத்தையைப் பார்த்துச் சொன்னார்:

"அந்தப் புள்ளகிட்ட சொல்லும்மா. சைக்கிள் செய்யட்டும், வேணாங்கல. ஆம்பளைங்களுக்கு அளவு எடுக்கறது மட்டும் தம்பி பாத்துக்கட்டும். இல்லன்னா தக்காளி கிரேட்டு அடுக்க எனக்குக் கொட்டா வேணும்."

"சரின்னு சொல்லுடி," என்றார் அத்தை. "அளவுதானே, யாரு எடுத்தா என்ன?"

என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். கொட்டகை போனால் டார்ச்சையும் சிலிண்டரையும் எங்கே வைப்பது? நெருப்பு வேலையை வீட்டுக்குள் செய்ய முடியாது. வேறு இடம் வாடகைக்குப் பிடிக்கிற அளவுக்கு இந்தத் தொழில் இன்னும் வளரவில்லை. ஆக, அளவை விட்டால் கொட்டகை மிஞ்சும், அளவை விடாவிட்டால் தொழிலே போகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் தருமபுரியில் கல்லூரி ஆசிரியர். என் வீட்டுக்காரர் அவரைச் சுவரோரம் நிறுத்தினார், நான் வெளியே நின்றேன். உள்ளே ஒரே சிரிப்புச் சத்தம். இரண்டு ஆம்பளைகளும் வெட்கத்தில் நெளிந்திருக்கிறார்கள். பேன்ட்டுக்கு மேலேயே பலகையை வைத்து, எலும்பு வரை தூக்காமல் பாதியிலேயே நிறுத்தி, "போதும் போதும் சார்" என்று கோடு போட்டுவிட்டார் இவர். அந்தக் கணக்குக்கு நான் குழாய் அறுத்தேன், அராவினேன், ஒட்டினேன். என் கையில் வந்ததிலேயே நல்ல மூட்டுகள் அந்த ஃபிரேமில்தான் விழுந்தன.

ஆசிரியர் அதை ஓட்டிவிட்டுத் திரும்ப வந்தார். சீட்டை எவ்வளவு தூக்கினாலும் முட்டி மடங்கியேதான் இருக்கிறது, வலி தாங்க முடியவில்லை என்றார். குறை சொல்லக்கூட அவருக்குத் தயக்கம். நான் பலகையை அவர் கையில் கொடுத்துச் சுவரோரம் நிற்கச் சொன்னேன். பழைய கோட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி விழுந்தது புதுக்கோடு. அந்த ஃபிரேமைத் தூக்கிப் பட்டறைப் பிடியில் மாட்டி, என் வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க ரம்பத்தால் அறுத்தேன். மூட்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே பித்தளை கடைசி வரை ஓடி நிறைந்திருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

"இனிமே அளவும் நாந்தாங்க எடுப்பேன்," என்றேன். "உங்க அண்ணனுக்கு நீங்களே சொல்லிக்குங்க."

சொன்னாரோ இல்லையோ, செய்தி போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைத் திறந்தால், அளவெடுக்கிற சுவர் முழுக்கக் கிரேட்டுகள், தரையிலிருந்து கூரை வரை. மற்ற மூன்று பக்கமும் கம்பி வலை, பூசின சுவர் அது ஒன்றுதான். பட்டறையை அண்ணன்காரர் தொடவில்லை, டார்ச்சைத் தொடவில்லை. எதைப் பிடித்தால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து அதை மட்டும் பிடித்திருந்தார்.

அன்றைக்குப் பார்த்துப் பெங்களூரிலிருந்து ஒருவர் அளவு கொடுக்க வருவதாக இருந்தது. வீட்டுக்குள் ஹாலில் வைத்து எடுத்திருக்கலாம். கதவைச் சாத்திக்கொண்டு எடுத்திருக்கலாம். கதவைச் சாத்தினால் ஊர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். பலகை, சாக்பீஸ், டேப் மூன்றையும் எடுத்துக்கொண்டு, சாலையைப் பார்த்த முன்சுவருக்கு வந்தேன். பாலக்கோடு பஸ்ஸும் ஓசூர் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற சாலை அது.

வந்தவர் ஆறடிக்கு மேல். உடம்போடு ஒட்டின சைக்கிள் டிராயர், பெரிய மீசை, பாதி கன்னடம் கலந்த தமிழ்.

"ஏனு மேடம், இங்கயா? ரோட்டுலயா?" என்றார்.

"ரோட்டுலதாங்க. ஷூவைக் கழட்டுங்க."

என்னை ஒருமுறை பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்றார். பலகையை அவர் கையில் கொடுத்தேன். எதிரே டீக்கடையில் கிளாஸோடு நின்றவர்கள் கிளாஸோடு இந்தப் பக்கம் வந்தார்கள். தக்காளி ஏற்றப் போன வண்டி ஒன்று வேகத்தைக் குறைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். அத்தை வெளியே வந்து, "ஏண்டி, மானத்த வாங்கறயே," என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் ஒரு நிமிடம் கதவருகே தயங்கினார். பிறகு வந்து மட்டம் பார்க்கிற கருவியைப் பலகை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. ஆனாலும் நின்றார்.

அந்த நேரத்துக்குத்தான் அண்ணன்காரர் மண்டியிலிருந்து வண்டியில் வந்து இறங்கினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் நேரே அத்தையிடம் போனார்.

"அம்மா, அதை உள்ள போகச் சொல்லும்மா. ஊரே பாக்குது."

நானும் அத்தையைப் பார்த்தே சொன்னேன். ஆனால் டீக்கடை வரை கேட்கிற மாதிரி சொன்னேன்.

"பாக்கட்டும் அத்தை. என் கல்யாண ஜாக்கெட்டுக்கு டெய்லர் அளவு எடுத்தப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? அந்த டெய்லர் ஆம்பளையா பொம்பளையா? டேப்ப எங்கெங்க சுத்துனாருன்னு மாமாவுக்குச் சொல்லுங்க. அன்னைக்கு இந்த ஊரு எங்க போயிருந்துச்சுன்னும் கேளுங்க."

சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலில் சிரித்தது பக்கத்து வீட்டு அக்கா. "அட ஆமா," என்றார். அதைக் கேட்டு இன்னொரு பெண் சிரித்தாள். அண்ணன்காரர் மறுபடியும் அத்தை பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"இனி என்கிட்டச் சொல்லாத சாமி. அவ அங்கதான நிக்கறா, நீயே சொல்லு."

அவர் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, அடித்தொண்டையில் சொன்னார்: "ஏம்மா, கிரேட்ட இப்பவே எடுத்தர்றேன். கொட்டாயிலயே வெச்சு எடும்மா. உன்ன யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

நானும் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. எனக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

"கிரேட்டு அங்கயே இருக்கட்டுங்க மாமா. நெருப்பு வேலைக்கு மீதி எடம் போதும். அளவு இனிமே இங்கதான் எடுப்பேன்."

அவர் அங்கேயே நின்றார். மீசைக்காரரிடம் பலகையை இன்னும் ஒரு விரல் மேலே தூக்கச் சொன்னேன். தூக்கினார். சாலையைப் பார்த்த சுவரில், என் மாமா பார்க்க, டீக்கடை பார்க்க, ஓசூர் பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் பார்க்க, கோடு போட்டேன்.