குழந்தையின் வாயில் இரண்டு குரல்

திருவனந்தபுரத்துக் கரமனையில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் மருமகளுக்கு வாய் கிடையாது. மாமனார் காதில் என் குரல் விழக்கூடாது; அதுதான் மரியாதையாம். நல்ல மரியாதை! மனுஷரோ நாள் முழுக்கக் கூடத்தை விட்டு நகரமாட்டார். அதனால் பெற்ற பெண்ணிடம்கூட நான் காதோடு காதாகத்தான் பேசினேன், அதுவும் இரண்டொரு வார்த்தை.

குழந்தையைப் பேச வைத்தவள் வேலைக்கு வந்த மலையாளத்துக்காரி. விடிந்தால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே ஓயாமல் கேள்வி கேட்பாள். பதில் வரும்வரை விடமாட்டாள். மூன்று வயதில் என் பெண் மலையாளத்தில் பொரிந்து தள்ளினாள். தமிழில் ஒரு வார்த்தை வராது. எனக்கு வயிறு எரியும்.

கர்க்கடக மாசத்து அடைமழையில் விஷக்காய்ச்சல் கண்டு அந்த வேலைக்காரி செத்துப்போனாள். சில நாள் கழித்து, உச்சிவேளையில், கொல்லையில் அவள் குரல் கேட்டது, சாப்பிட்டாயா, என்ன குழம்பு என்று வழக்கம்போல.

"மோளு சோறுண்டோ?"

"உண்டு."

"எந்தா கூட்டான்?"

"பருப்பு."

ஐயோ! அடுக்களை ஜன்னல் வழியே பார்த்தேன். கிணற்றடியில் குழந்தை மட்டும்தான் இருந்தாள். வெற்றிலை அடக்கினாற்போல் கன்னத்தை உப்பிக்கொண்டு செத்தவளின் கரகரத்த குரலில் கேட்டாள். திரும்பி நின்று தன் குரலில் பதில் சொன்னாள். நடுவில் அவளைப் போலவே துப்பவும் செய்தாள்.

தினமும் இதே கூத்து. கடைசியில் மாமனார் என் கணவரிடம் சொன்னார்: "அவ இன்னும் போகலைடா. கொழந்தையைப் பிடிச்சுண்டிருக்கா. சாயங்காலம் மந்திரவாதி வரான். பிரம்பால நாலு போட்டா ஓடிடுவா."

மூன்று வயதுக் குழந்தையைப் பிரம்பால் அடிப்பதா! வாய் இருந்த என் கணவரும் அதைத் திறக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அவள் எனக்குத் தமிழில் ஒரு பதில் சொல்லிவிட்டால் பேயில்லை என்று ஆகிவிடும், அடியிலிருந்து தப்பித்துவிடுவாள் என்று எனக்குப் பட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக உரக்கக் கூப்பிட்டேன்.

"தங்கம், அங்க என்னடி பண்றே?"

குழந்தை விறைத்துப்போய் நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, செத்தவளின் குரலில் மெதுவாகக் கேட்டாள்:

"ஆரா மோளே அது?"

தன் குரலில் தானே பதில் சொன்னாள்:

"அறிஞ்ஞூடா."

தெரியாதாம். பெற்றவளின் குரல் அவளுக்குத் தெரியாதாம்! கூடத்திலிருந்து மாமனார் செருமினார். செருமட்டும் என்று கொல்லைக்கு ஓடி அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கிணறு, வாளி, காக்காய், கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லி அவளிடம் உரக்கப் பேசினேன். தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் மந்திரவாதி பிரம்போடு வந்தான். பேய் யாரைப் பிடித்திருக்கிறது என்று கேட்டான்.

மாமனார் என்னைக் காட்டினார்.