ஒன்பது முத்திரைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோஸ்லின் பூசைக்குப் போகவில்லை. அம்மா அமிர்தத்தின் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் அரியூரிலிருந்து ஸ்கூட்டரை எடுத்தவள், நேராக வில்லியனூருக்குப் போய் யூனியன் செயலாளர் சிவப்பிரகாசத்தின் வீட்டு முன்னால்தான் நிறுத்தினாள். தோள்பையில் நாலு தாள். அதில் நாற்பத்து மூன்று பேர்.

அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. அப்பா அந்தோணிசாமி கூலிக்குக் கரும்பு வெட்டியவர். ரோஸ்லின் ஐ.டி.ஐ. முடித்து, சென்னையில் ஒரு விமானக் கம்பெனியின் ஹேங்கரில், அதாவது விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில், டெக்னீஷியனாகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆறு நாள் அங்கே விடுதி, ஒரு நாள் இங்கே வீடு. சேர்ந்த புதிதில் ஒரு ஃபோர்மேன், "பொம்பள கை வெச்ச பிளேன்ல நான் ஏற மாட்டேன்" என்றார். "அப்ப பஸ்லயே போங்க சார். இந்த வாரம் கெளம்பின மூணு பிளேனும் நான் பாத்ததுதான்" என்றாள் ரோஸ்லின்.

இப்போதைய சிக்கல் ஃபோர்மேனால் வந்ததல்ல. ஹேங்கரில் நிரந்தர டெக்னீஷியன்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் எழுபது பேரின் வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்போகிறார்கள். மிச்சமிருக்கும் நாற்பத்திரண்டு பேர், ஒப்பந்த ஆட்கள் செய்கிற வேலைக்குப் பொறுப்பேற்று முத்திரை குத்த வேண்டும். யூனியன் இதற்குத் தலையாட்டிவிட்டது. ஒப்பந்தம் மறுநாள் திங்கட்கிழமை கையெழுத்தாக இருந்தது. அந்த எழுபது பேர் யார் என்ற பட்டியல் அதன் கடைசிப் பக்கங்களில் இருப்பதாகப் பேச்சு. யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சிவப்பிரகாசம் சொன்ன பதில் ஒன்றுதான்: "கையெழுத்து ஆகட்டும், ஆளுக்கு ஒரு காப்பி தரேன்."

ரோஸ்லின் யூனியனின் விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்தாள். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால், எந்த ஒப்பந்தமானாலும் பொதுக்குழுவில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட முடியும். முப்பத்தெட்டுப் பேர் வேண்டும். மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் மேசை மேசையாகப் போனாள். ஐந்து பேர் கூடுதலாகவே தேறினார்கள்.

சிவப்பிரகாசம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணினார். மூன்றாவது தாளில் விரல் நின்றது. சிரித்தார்.

"இன்னாமா இது? கையெழுத்து வாங்கிக்கினு வரச்சொன்னா ஸ்டாம்ப் வாங்கிக்கினு வந்துருக்க?"

ரோஸ்லின் குனிந்து பார்த்தாள். ஒன்பது வரிகளில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வட்ட முத்திரை இருந்தது, உள்ளே எண்ணுடன். ஹேங்கரில் ஒவ்வொரு டெக்னீஷியனுக்கும் கம்பெனி கொடுத்த முத்திரை அது. முடித்த வேலைக்கெல்லாம் வரிக்கு வரி குத்தியாக வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை. கட்டம் போட்ட தாளைக் கண்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். குத்தியவர்களுக்கும் அது உறைக்கவில்லை. வாங்கியவளுக்கும் உறைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய வட்டம். அவள் கண்ணுக்கு அதுதான் கையெழுத்து.

"ஸ்டாம்பு கம்பெனி சொத்து. வேல பேப்பர தவிர வேற எதுல குத்தனாலும் சஸ்பென்ஷன். உனக்குத் தெரியாதது இல்ல" என்றபடி போனை எடுத்து நாலு தாளையும் படம் பிடித்தார். "முப்பத்து நாலுதான் செல்லும். நாலு கொறையுது. ஆறு மணிக்கு நான் மெட்ராஸுக்குக் கெளம்பறேன். இந்தப் படத்த யாருக்கும் காட்ட மாட்டேன். பேப்பர எடுத்துக்கினு வூட்டுக்குப் போமா."

"காட்ட மாட்டீங்கன்னா எதுக்குணே எடுத்தீங்க?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். குரலை இறக்கி, "ரோஸ்லினு, உன் பேரு அந்த எழுபதுல இல்ல. நிம்மதியா இரு" என்றார்.

அவள் தாள்களை வாங்கி மடித்தாள். "அப்ப லிஸ்ட்ட நீங்க பாத்துட்டீங்க. எங்கள பாக்க வுட மாட்டீங்க. ஆறு மணிக்குள்ள வரேன்ணே."

முத்திரை குத்திய ஒன்பது பேரில் விடுப்புக்கு இந்தப் பக்கம் வந்திருந்தவர்கள் ஆறு பேர். முதலில் புகழேந்தி. தவளக்குப்பம் முனையில் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவனை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னாள்.

"போட்டோ எடுத்துட்டாரா? அய்யோ! அந்தப் பேப்பர கிழிச்சிப் போட்டுடுக்கா. வேற பேப்பர்ல கையெழுத்து போட்டுத் தரேன்."

"கிழிச்சா ஒளிச்சோம்னு ஆயிடும். டாஸ்க் கார்டுல தப்பா எழுதிட்டா இன்னா செய்வ நீ?"

அதை அவன் யோசிக்க வேண்டியதில்லை. ஹேங்கரில் டாஸ்க் கார்டு என்கிற வேலைத் தாளில் தப்பாக எழுதியதைச் சுரண்டக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. "ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது தெரியணும். பக்கத்துல கையெழுத்து, தேதி."

"அதையே செய்."

"அக்கா, அடியில இருக்கறது தெரிஞ்சா சஸ்பென்ஷன்கா!"

"கேளுடா. அந்த எழுபதுல உன் பேரு இருந்தா ஸ்டாம்ப புடுங்கிக்குவான். இல்லன்னா, எவனோ ஒருத்தன் போல்ட்ட முடுக்கினானா இல்லையான்னு பாக்காமலே அதக் குத்தச் சொல்லுவான். பிளேன் வுழுந்தா உன் நம்பர்தான் மாட்டும். எப்படிப் பாத்தாலும் அந்த ஸ்டாம்பு உனுக்கு இல்ல. இன்னாத்த காப்பாத்தறதுக்கு பயப்படற?"

கறிக்கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டார். புகழேந்தி கேட்டது பேனாவை. முத்திரையின் மேல் ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டான். பிறகு வரிசையை விட்டுவிட்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டான்.

பூரணாங்குப்பத்தில் கமலக்கண்ணன் வீட்டில் அவன் மனைவி முத்துலட்சுமி மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்ட கமலக்கண்ணன் தாளைக் கையில் வாங்கி, தன் முத்திரையையே பார்த்தபடி நின்றான்.

"இன்னா நிக்கற?" என்றாள் முத்துலட்சுமி, தலை நிமிராமல்.

"மாட்டிக்கினா வேல போயிடும்டி."

"போனா போவட்டும். மீன் கூடைய எறவாணத்துலதான் சொருகி வெச்சிருக்கேன், ஒனக்கும் ஒண்ணு இருக்குது. நான் பூரணாங்குப்பம், நீ தவளக்குப்பம். ஆனா நீ விப்பியா? எவனாவது வெல கேட்டா வெலைக்குப் பதிலா நம்பர குத்துவ."

புகழேந்தி வாய்விட்டுச் சிரித்தான். கமலக்கண்ணன் வேண்டுமென்றே மெதுவாக, அளவுகோல் வைத்தது போல ஒரு கோடு இழுத்தான்.

கிருமாம்பாக்கத்தில் ஒருவர், பாகூரில் அண்ணன் தம்பி இருவர் போட்டார்கள். அதே பாகூரில் பாக்யராஜ் கதவைப் பாதி திறந்து, "என் மேல ஏற்கெனவே ஒரு மெமோ இருக்குதுக்கா. என்ன வுட்டுடு" என்றான். ரோஸ்லின் வற்புறுத்தவில்லை. "உன் வரிய நீயே அடிச்சிடு. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்" என்றாள். அவன் கோடு மட்டும் போட்டான். கையெழுத்துப் போடவில்லை.

ஐந்தரை மணிக்கு வில்லியனூரில் மூன்று வண்டிகள் வந்து நின்றன. ஆறு பேர் இறங்கினார்கள். சிவப்பிரகாசம் சட்டை மாற்றி, பையோடு வாசலில் ஆட்டோவுக்காகக் காத்திருந்தார். தாள்களை வாங்கி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முப்பத்தொன்பது.

"ஸ்டாம்ப மறைக்கக்கூட இல்லியேடா! மேனேஜ்மென்ட் கேட்டா நான் காப்பாத்த முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"இதுவரைக்கும் காப்பாத்தினது போதும்ணே" என்றான் கமலக்கண்ணன்.

"பொதுக்குழுவுல நீங்க தோத்துடுவீங்க. பாதி பேரு என் பக்கம்."

"தோத்தா தோத்துட்டுப் போறோம்" என்றாள் ரோஸ்லின். "படிச்சிட்டு தோக்கறோம். வாங்கிக்கிட்டேன்னு இதுல எழுதிக் குடுங்க. மணியும் போடுங்க."

ஆட்டோ வந்தது. யாரும் அவரைத் தொடவில்லை, வழியையும் மறிக்கவில்லை. ஆறு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தெருவில் இரண்டு வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சிவப்பிரகாசம் பேனாவை எடுத்து, "பெற்றுக்கொண்டேன், 5.47" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஒப்பந்தம் கையெழுத்தாகாது என்பது அந்த ஒரு வரியில் உறுதியானது.

"இப்ப வாசிச்சுக் காட்ட வேண்டியதுதான்ணே. ஒப்பந்தம் பையிலதான இருக்குது?" என்றாள் ரோஸ்லின்.

அவர் ஆட்டோக்காரரைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார். எப்படியும் பொதுக்குழுவில் வாசித்தாக வேண்டியதுதான். ஜிப்பை இழுத்து, பதினேழு பக்கக் கட்டை எடுத்துக் கொடுத்தார். "சீக்கிரம் படிச்சிட்டு குடு."

"கடைசிப் பக்கம்கா, கடைசிப் பக்கம்" என்று அவசரப்படுத்தினான் புகழேந்தி.

அவள் பட்டியலைத் திருப்பி, முதல் பெயரிலிருந்து சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் மூச்சை உள்ளே இழுத்தார். பதினோராவது பெயரில் அவள் நிறுத்தி, புகழேந்தியைப் பார்த்தாள்.

"என் பேருதான?" என்றான் புகழேந்தி.

ஆமாம் என்று ரோஸ்லின் தலையசைத்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்த முத்திரையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டான். தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னான்:

"நிறுத்தாதக்கா. இன்னும் அம்பத்தொம்போது பேரு இருக்குது. எல்லாரையும் படி."