கீறலில்லாத எஞ்சின்

எந்தக் கடையில் தண்ணீர் குடித்தாலும், எவர்சில்வர் தம்ளரைக் கீழே வைத்ததும் தன் விரல் பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிடுவார். பிறத்தியார் வண்டியின் கண்ணாடி, வங்கிக் கதவின் கைப்பிடி, எதிலும் ரேகை இருக்கக் கூடாது. வாயால் ஊதி, துடைத்து, தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்த பிறகுதான் பேச்சு. பாலிஷ் பட்டறையில் அவருக்குப் பெயரே ‘கண்ணாடி’. முப்பது வருடமாகக் குழாய்களையும் கட்டில் கம்பிகளையும் தேய்க்கிறார். வேறு திறமை இருப்பதாகச் சொல்ல முடியாது. இதில் அவரை மிஞ்சவும் ஆளில்லை.

ஊருக்கு வெளியே முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம் இருக்கிறது. பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு அங்கே வருடத்துக்கு ஒரு பந்தயம். முதன்முதலாக ஓட்டுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு: வண்டிக்கு நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும், ஆளுக்கு ஐம்பது ஆகியிருக்கக் கூடாது. பதினோரு வருடம் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ஐம்பது பிறக்க எட்டு மாதம் இருக்கும்போதுதான் அவர் வண்டி தேடக் கிளம்பினார்.

கூடப் போனது மனைவியின் தம்பி, மெக்கானிக். “மச்சான், பெரிய எஞ்சின் பக்கமே போகாதீங்க. மொத வளைவுலயே தூக்கிப் போட்டுடும். ஒத்த சிலிண்டர், எடை கம்மி, பார்ட்ஸ் கெடைக்கணும். அழகு கடைசி.”

“அழகு என் வேலை மாப்ளே. நீ மத்தத பாரு.”

ஒரு பால்காரர் வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று அகப்பட்டது. வண்டியின் ஃபிரேம் எப்போதோ மாற்றப்பட்டிருந்தது. அதன் வயதுக்குச் சாட்சி, எஞ்சினில் அடித்த எண்ணும் அதே எண் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகமும்தான்.

மைத்துனர் விளக்கையும் மட்கார்டையும் கழற்றினார். மண்ணில் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று முன் பிரேக்கையும் எடுத்தார். தடம் இடப்பக்கமே வளையும். அங்கே இடக்காலை ஊன்றிச் சறுக்க, ஷூவுக்கடியில் கட்டிக்கொள்ள ஓர் இரும்புத் தகடு செய்து தந்தார். கண்ணாடி வண்டி முழுக்கத் தேய்த்து, அந்தத் தகட்டுக்கும் பாலிஷ் போட்டார்.

“விடுங்க மச்சான். மண்ணுல உருளப் போற வண்டிக்கு எதுக்கு மேக்கப்பு?”

மனைவி வாசலில் நின்று சொன்னாள்: “என் மூஞ்சிய ஒருநாள் இப்படி உத்துப் பாத்திருப்பீங்களா?”

“இதுலயே தெரியுது. வந்து பாரேன்.”

வந்து பார்த்தாள். தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த எட்டு மாதத்தில் அந்த வீட்டில் நடந்த நல்லதெல்லாம் அநேகமாக அவ்வளவுதான்.

பந்தயத்துக்கு முந்தின நாள், தடத்தருகே சோதனை. சோதகர் புத்தகத்தைப் பிரித்தார், டார்ச்சை அடித்தார், குனிந்தார்.

“நம்பர் எங்கங்க?”

கண்ணாடியும் குனிந்தார். எஞ்சினின் இடப்பக்கம், சிலிண்டருக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு அவர் முகமே தெரிந்தது. துருப்பிடித்து, பாதி தேய்ந்து, வரிசையாக ஏதோ கீறல்கள் அங்கே இருந்தது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. ஒரு ஞாயிறு முழுக்க அதில்தான் போயிற்று. முப்பது வருடப் பழக்கத்தில், உலோகத்தின் மேல் இருப்பதெல்லாம் அவர் கண்ணுக்குக் கீறல்தான்.

“இங்கதாங்க இருந்துச்சு. நான்தான் தேய்ச்சுட்டேன்.” புத்தகத்தைப் பார்க்காமலே எண்ணை முழுசாக ஒப்பித்தார்.

“திருட்டு வண்டின்னு நான் சொல்லலைங்க. ஆனா திருட்டு வண்டியும் இப்படித்தான் வரும். அடுத்த வருஷம் வேற எஞ்சினோட வாங்க.”

“அடுத்த வருஷம் அவருக்கு அம்பது தாண்டிடும் சார்” என்றார் மைத்துனர்.

சோதகர் புத்தகத்தை மூடினார். போகிறபோக்கில் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒருமுறை தடவினார். “வேலை பிரமாதம். பொறந்ததுலேருந்தே ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அவர் கேலி செய்யவில்லை.

“வாங்க மச்சான், ஏத்திட்டுப் போலாம்.”

கண்ணாடி அசையவில்லை. பளபளப்பின் நடுவே சோதகரின் கட்டைவிரல் ரேகை சுழிசுழியாகப் பதிந்திருந்தது. மண்டியிட்டு, வாயால் ஊதி, சட்டை நுனியால் அதைத் துடைத்தார். பிறகு தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தார்.