மாதாகுறிச்சி குழிவெட்டிகள் சங்கம்

மாதாகுறிச்சிப் பங்கின் கிறிஸ்தவர்கள் எந்தத் தெருவில் பிறந்தாலும் சந்தியாகு வெட்டிய குழி வழியாகத்தான் பரலோகம் போயாக வேண்டும். ஆண்டிமடத்துக்குக் கிழக்கே முந்திரிக்காட்டை ஒட்டிக் கிடக்கிற அந்த ஊரில் குழி வெட்டும் உரிமை பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் சந்தியாகு, மற்றவன் அவர் மனைவியின் தம்பி மதலைமுத்து. உரிமை என்பது மரியாதைக்காகச் சொல்வது. வேறு யாரும் அந்த வேலையைத் தொடமாட்டார்கள் என்பது அதன் பொருள்.

சந்தியாகுவின் அப்பாவும் குழிவெட்டி. மடத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு முடிந்ததும் அவர் மகன் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் வெட்டியதில் சந்தியாகுவுக்குப் பூமி சாஸ்திரம் நன்றாகப் பிடிபட்டது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு சுவர் ஓடுகிறது. சுவருக்கு மேற்கே மேடு, செம்மண். நிலபுலன் உள்ள மேலத்தெருக்காரர்கள் அங்கே நித்திரை கொள்கிறார்கள். ஆறடி வெட்டினாலும் மண் ஈரம் படாமல் உலர்ந்தே வரும். கிழக்கே பள்ளம், ஏரியை ஒட்டிய களிமண். அங்கே சந்தியாகுவின் கிழக்குத் தெருக்காரர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு முழம் வெட்டினால் தண்ணீர் ஊறிவிடும். பெட்டியை இறக்கியதும் இரண்டு பேர் மேலே ஏறி மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் அவசரமாக மண் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது எழும்பி வரும். உயிர்த்தெழுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

அந்தச் சுவரைச் சாதிச் சுவர் என்று சொல்வது பாவம். திருச்சபையில் சாதி கிடையாது. ஆகவே அது வெறும் சுவர். கல்லறைத் திருநாள் அன்று பங்குச் சாமியார் மேற்கே ஒவ்வொரு குழிமேட்டுக்கும் நடந்துபோய்த் தீர்த்தம் தெளிப்பார். பிறகு சுவரோரம் வந்து நின்று, கிழக்கே இருக்கிற அத்தனை ஆத்துமாக்களுக்கும் சேர்த்து ஒரே வீச்சாக வீசுவார். எதிர்க்காற்று அடித்தால் அதுவும் அவர் அங்கியிலேயே விழும்.

சுதந்திரம் வந்த வருஷம், ஆவணி மாதம், சந்தியாகுவின் மனைவி குஞ்சம்மாள் இருமி ரத்தம் துப்பினாள். அரியலூருக்கு வண்டி கட்டிப் போய்க் காட்டினார்கள். டாக்டர் மருந்து எழுதவில்லை, பால் முட்டை சாப்பிடச் சொன்னார். அது மருந்தைவிடக் கிடைக்காத சரக்கு. திரும்பி வருகிற வழியில் வண்டியில் படுத்தபடியே குஞ்சம்மாள் சொன்னாள்.

“இந்தாய்யா, நான் பொழைக்கமாட்டேன். அது போவட்டும். என்னத் தண்ணியில மட்டும் போட்டுராத.”

“என்னாடி பேச்சு இது.”

“எங்கம்மாளப் போட்டப்ப நீதான் மேல ஏறி மிதிச்ச. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

சந்தியாகு மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே, “போடல,” என்றார். அன்று முதல் அவருக்கு உலகத்தில் வேறு காரியம் இல்லாமல் போயிற்று.

ஐப்பசி பிறந்த நேரத்தில்தான் சமூக சாஸ்திரம் ஊருக்குள் வந்தது. ஞானாதிக்கம் சாமியார் பெல்ஜியம் தேசத்தில் நாலு வருஷம் அதைப் படித்துத் தேறியவர். கத்தோலிக்கர் சமூகத்தை எப்படி ஆராய வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. உழைப்பாளிக் குடும்பம் ஒன்றைப் பொறுக்கி எடுப்பது, பதினைந்து நாள் கூடவே இருந்து நூற்றுப் பன்னிரண்டு கேள்வி கேட்பது, பதிலை நோட்டில் எழுதுவது, அதிலிருந்து மனுக்குலத்தின் நிலையைக் கண்டுபிடிப்பது. குடிக்காதவர், பூசை தவறாதவர், எதிர்த்துப் பேசாதவர் என்று பங்குச் சாமியார் சந்தியாகுவைச் சிபாரிசு செய்தார். ஆய்வுக்கு வேண்டிய நாற்காலியைச் சாமியார் பங்களாவிலிருந்து சந்தியாகுவே தலையில் சுமந்து வந்து போட்டார். சமூக சாஸ்திரத்தின் முதல் விதி, கேட்கிறவர் உட்கார வேண்டும், பதில் சொல்கிறவர் நிற்க வேண்டும்.

கேள்விகள் பிரெஞ்சிலிருந்து பெயர்க்கப்பட்டவை.

“குடும்பத்தார் எந்தத் தானியத்தில் செய்த ரொட்டி உண்கிறார்கள்?”

“கம்பங்கூழுங்க சாமி,” என்றார் சந்தியாகு.

“குளிர்காலத்தில் வீட்டை எதைக் கொண்டு சூடேற்றுகிறார்கள்?”

உள்ளே பாயில் கிடந்த குஞ்சம்மாள் இதற்குப் பதில் சொன்னாள். “அடுப்பு எரிஞ்சா சூடாவும் சாமி. எரியிற அன்னிக்கு.”

ஞானாதிக்கம் சாமியார் அதையும் எழுதிக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. குஞ்சம்மாள் இருமும்போது பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பார். இருமல் நின்றதும் நோய்கள் என்ற பகுதியில் ஒரு கோடு போடுவார்.

ஒன்பதாம் நாள் வரை சந்தியாகு பொறுத்தார். பத்தாம் நாள் கேட்டுவிட்டார். “செவுத்தப் பத்தி எப்பக் கேப்பீங்க சாமி?”

“சுவரா? பதினாலாவது கேள்வி. மண் சுவர், கூரை ஓலை என்று எழுதியாயிற்றே.”

“வூட்டுச் செவுரு இல்லிங்க. கல்லறைச் செவுரு. அந்தாண்ட மேடு, இந்தாண்ட பள்ளம். இவளுக்கு மேட்டுல ஒரு எடம் வேணுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்.”

ஞானாதிக்கம் சாமியார் உண்மையாகவே வருத்தப்பட்டார். “நான் ஆராய வந்தவன். ஆராய்கிறவன் ஆராய்கிற பொருளில் கை வைத்தால் ஆய்வு கெட்டுப்போகும். அது விஞ்ஞானம். நீ பங்குச் சாமியாரைக் கேள்.”

சந்தியாகு பங்களாவுக்குப் போனார். பங்குச் சாமியார், “இது சமூகப் பிரச்சினைப்பா. அதுக்குன்னு படிச்சவரு வந்திருக்காரே, அவரக் கேளு,” என்றார். இவரிடம் வந்தார். அவரிடம் போனார். நாலு நடை நடந்தார். ஐந்தாவது நடையில் இரண்டு சாமியார்களும் ஒரே மேஜையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு வாசலில் நின்று வாய் திறந்ததும் இவர் அவரைக் கையால் காட்டினார், அவர் இவரைக் கோப்பையால் காட்டினார்.

இருபத்திரண்டு வருஷமாக எவ்வளவோ பார்த்திருந்தும் சந்தியாகுவுக்குக் கோபம் என்பது அன்றுதான் முழு உருவில் வந்தது. திட்டத் தெரியாத கோபம். வீட்டுக்கு வந்து கடப்பாரையைக் கல்லில் தீட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். குஞ்சம்மாள், “யாருக்குக் குழி?” என்று கேட்டாள்.

அந்த ஞாயிறு மாலை ஞானாதிக்கம் சாமியார் தெருவைக் கூட்டி, திருச்சபையின் சமூகப் போதனையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். உழைக்கிறவன் கூலி அடிமை அல்ல, தொழிலாளிகள் சங்கம் அமைத்துக்கொள்வது சர்வேசுரன் கொடுத்த உரிமை, எந்த அரசனும் அதைத் தடுக்க முடியாது என்று பாப்பரசரே உலகத்துக்கெல்லாம் நிருபம் எழுதி அனுப்பியிருக்கிறார் என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளிகளை நினைத்துக்கொண்டாராம்.

சந்தியாகு கை தூக்கினார். “யாரு வேணாலும் சங்கம் வச்சுக்கலாமா சாமி?”

“உழைக்கிற எவரும்.”

“ரெண்டே பேருன்னாலும்?”

“இருவர் போதுமே.”

“வேல செய்யமாட்டேன்னு சொல்றதும் அதுல சேத்தியா?”

“நியாயமான காரணம் இருந்தால் சேர்த்திதான்.”

கேட்டதையெல்லாம் நம்புவது சந்தியாகுவின் தெருவுக்கே உள்ள குறை. பாப்பரசர் சொன்னார் என்றால் சொன்னதுதான் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை மாதாகுறிச்சி குழிவெட்டிகள் சங்கம் உதயமாயிற்று. தலைவர் சந்தியாகு, காரியதரிசி மதலைமுத்து, அங்கத்தினர் வேறு யாரும் இல்லை. குஞ்சம்மாளுக்கு ஓர் இடம் என்று கேட்கலாம் என்றார் தலைவர். காரியதரிசி ஒப்புக்கொள்ளவில்லை.

“அக்காளுக்கு மட்டும் கேட்டா அது பிச்ச மாமா. தெருவுக்கே கேப்போம்.”

அப்படியே முடிவாயிற்று. மேட்டில் கிழக்குத் தெருவுக்கும் இடம் விடும்வரை மேட்டில் குழி வெட்டப்படமாட்டாது.

பங்குச் சாமியார் இது கம்யூனிசம் என்றார். மேலத்தெரு நாட்டாண்மை தங்கராசு விழுந்து விழுந்து சிரித்தார். “அப்புடியாடா? சரி, நாங்க யாரும் சாவாம இருந்துக்குறோம்.”

அந்தத் தீர்மானத்தை அவருடைய அப்பாவே மதிக்கவில்லை. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் எண்பத்தொரு வயதில் கண்ணை மூடினார்.

ஆள் வந்தது. சந்தியாகு எழுந்திருக்கவில்லை. இரண்டாவது ஆள் வந்தது. மூன்றாவதாக ஞானாதிக்கம் சாமியாரே வந்தார். அவர் முகம் வெளிறியிருந்தது. “சந்தியாகு, நிருபம் ஆலைத் தொழிலாளிகளைப் பற்றியது. ஆலையில் வேலை நின்றால் சாமான் வராது, அவ்வளவுதான். பிணம் உற்பத்திப் பொருள் அல்ல.”

“எங்க தெருவுல அதான் சாமி நெறைய உற்பத்தி ஆவுது,” என்றார் சந்தியாகு.

அடுத்த நாள் உச்சியில் தங்கராசு தாமே வந்தார். அவர் கால் அந்தத் தெருவில் படுவது அதுதான் முதல் தடவை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடிசைக்குப் பத்தடி தள்ளி நின்றார். ஊர் முழுக்க ஊதுவத்தி வாசனை, அதற்கு மேல் வேறொரு வாசனை.

“இந்தா பாரு. உம் பொண்டாட்டிக்குத்தானே கேக்குற. மேக்கால, ஓரமா, வேலியடியில ஒரு எடம். அவளுக்கு மட்டும். கையெழுத்துப் போட்டே தரேன். எழுந்து வந்து வெட்டு.”

வண்டியில் கொடுத்த வாக்கு இதோ கைக்கு வந்துவிட்டது. கையை நீட்டினால் போதும். சங்கத்தின் காரியதரிசி முறைத்துக்கொண்டிருந்தான். முறைத்தால் முறைக்கட்டும், மாமியார் பெட்டியின்மேல் ஏறி மிதித்தது அவன் இல்லை. சந்தியாகு கடப்பாரையை எடுத்தார்.

உள்ளேயிருந்து குஞ்சம்மாள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேச முடிந்தது. “எனக்கு மட்டுமா சொல்றாரு?”

“ஆமாடி. செம்மண்ணு. காஞ்ச மண்ணு.”

“அவுங்க மாமனாரு, மாமியாரு, நாட்டாண்மைன்னு எல்லாரும் படுத்திருக்கற எடத்துல நான் ஒருத்தி போயி ஓரமாப் படுக்கறதா? அங்கயும் ஒதுங்கியே கெடக்கணுமா? ஒலகம் முடியிற வரைக்கும் ஒடம்பக் குறுக்கிக்கிட்டுக் கெடக்க என்னால முடியாது. வேணாம்னு சொல்லு.”

சந்தியாகு கடப்பாரையோடு வாசலில் நின்றார். மதலைமுத்துதான் சொன்னான். “கேட்டுச்சா எசமான்? வேணாமாம்.”

மேலத்தெரு ஆண்கள் ஆறு பேர் சேர்ந்து அன்று மாலை குழி வெட்டினார்கள். ஊரில் பாதி நிலத்துக்குப் பட்டா வைத்திருந்தவர்கள், மண் இவ்வளவு கெட்டியாக இருக்கும் என்று அன்றுதான் கண்டார்கள். மூன்றடியில் கை கொப்பளித்து நிறுத்திவிட்டார்கள். பெரியவரை அந்த மூன்றடியில் வைத்து மூடிவிட்டு வந்தார்கள். பங்குச் சாமியார் பாட்டுப் பூசை வைத்தார்.

குஞ்சம்மாள் கார்த்திகை இரண்டாவது வாரம் செத்துப்போனாள். மூன்று நாள் விடாத மழை. சங்கத்தைக் கலைத்தால்தான் அடக்கத்துக்கு வருவேன் என்று பங்குச் சாமியார் சொல்லி அனுப்பினார். சந்தியாகு பட்டப்பகலில், ஊரே பார்க்க, மழையில் நனைந்துகொண்டு போய்ச் சுவரை இடித்தார். பெட்டி தூக்கிக்கொண்டு நாலு பேர் நுழைகிற அகலத்துக்கு இடித்தார். மேட்டின் நடுவில் ஆறடி வெட்டினார். மேலே ஓலை கட்டி மழையைத் தடுத்தார்.

உடம்பை எடுக்கிற நேரத்தில் ஞானாதிக்கம் சாமியாரின் வண்டி தெருமுனையில் வந்து நின்றது. பெட்டி படுக்கையெல்லாம் ஏற்றியாயிற்று. பதினைந்து நாள் ஆய்வு நாற்பது நாளாக நீண்டுவிட்டதால் அவர் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சந்தியாகு வண்டியை மறித்தார்.

“சாமி, நீங்களும் குருப்பட்டம் வாங்குனவருதானே. வந்து ரெண்டு செபம் சொல்லிட்டுப் போங்க.”

“பங்குச் சாமியார் அனுமதி இல்லாமல் நான் இங்கே சடங்கு செய்யக் கூடாது, சந்தியாகு. திருச்சபைச் சட்டம்.” கொஞ்சம் தயங்கினார். மடியிலிருந்த நோட்டைத் திறந்தார். “எத்தனை மணிக்கு இறந்தாள்?”

சந்தியாகு அவரையே பார்த்தார். முகத்தில் மழை வழிந்தது. “வெள்ளி மொளைக்கறப்ப. எழுதிக்கங்க. மேட்டுல பொதைச்சாங்கன்னும் எழுதிக்கங்க.”

“அது கேள்வியில் இல்லையே.”

“நீங்க எழுதாட்டியும் பொதைச்சதுதான் சாமி. வண்டிய ஓட்டச் சொல்லுங்க, பொணம் வருது.”

தோட்டத்தில் தங்கராசுவும் எட்டு ஆட்களும் குழியைச் சுற்றி நின்றார்கள். கிழக்குத் தெரு மொத்தமும் பெட்டியோடு இடிந்த வழியாக உள்ளே வந்தது. பெண்களும் வந்தார்கள்.

“குழிய மூட்றா,” என்றார் தங்கராசு.

சந்தியாகு மண்வெட்டியை அவர் காலடியில் போட்டார். “மூடணும்னா நீங்களே மூடுங்க. ஆறடி. மண்ணு அங்க குவிச்சு வச்சிருக்கேன்.”

ஒன்பது பேரும் மண்குவியலைப் பார்த்தார்கள். இரண்டு பேர் உள்ளங்கையில் பழைய துணிக்கட்டு இன்னும் இருந்தது. மண்வெட்டியை யாரும் எடுக்கவில்லை.

பெட்டியை இறக்கினார்கள். அது இறங்கிய இடத்திலேயே இருந்தது. எவனும் ஏறி மிதிக்க வேண்டியிருக்கவில்லை. சந்தியாகு குழியின் தலைமாட்டில் நின்று செபத்தை ஆரம்பித்தார். இலத்தீனில். இருபத்திரண்டு வருஷம் மேற்குப் பக்கத்துக் குழிகளின் ஓரத்தில் மண்வெட்டியோடு காத்து நின்றவருக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் ஆகியிருந்தது. பங்குச் சாமியார் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டார், இழுக்கிற இடத்தில் இழுத்தார். அர்த்தம் தெரியாது. பங்குச் சாமியாருக்கு மட்டும் எவ்வளவு தெரிந்ததோ.

செபம் முடிந்தபோது மேலத்தெரு ஆட்களில் மூன்று பேர் பழக்கதோஷத்தில், “ஆமென்,” என்று சொல்லிவிட்டார்கள். தங்கராசு திரும்பிப் பார்த்து முறைத்தார். அவர் தலைத்துண்டும் எப்போதோ கைக்கு வந்திருந்தது. அவசரமாக எடுத்துக் கட்டிக்கொண்டார்.

குழி மூடியானதும் மதலைமுத்து இடுப்பிலிருந்து அளவுக் கயிற்றை அவிழ்த்து, பக்கத்தில் நீட்டிப் பிடித்து, நாலு முளை அடித்தான்.

“அது யாருக்குடா?” என்றார் தங்கராசு.

“தெரியலிங்க எசமான். யாரு முந்துறாங்களோ அவுங்களுக்கு.”