நூறு மீட்டர் ஆழத்தில் ஓர் ஈரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. இயற்பியல் ஆய்வாளர் ஒடீல் பெராஷோனுடன் அன்று கீழே இறங்கிய மெக்கானிக் காஸ்பார், இந்தப் பேச்சை எடுத்தாலே இன்றும் எழுந்து போய்விடுகிறார்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில், நூறு மீட்டர் ஆழத்தில், புரோட்டான்களை மோதவிடும் இயந்திரம். ஒவ்வொரு துகளுக்கும் கனமான ஒரு ஜோடித் துகள் உண்டு என்று ஒரு கோட்பாடு. அதில் ஒன்றுதான் பிரபஞ்சம் முழுக்க நிறைந்தும் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளோ என்று ஒடீல் தேடிக்கொண்டிருந்தாள். அது எந்தக் கருவியிலும் படாது. மோதலுக்குப் பிறகு கணக்கில் ஆற்றல் குறைந்தால், அது தப்பிப் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

குறைந்தது. ஆனால் எப்போதும் ஒரே பக்கம்.

"அசல் துகள்னா நாலா பக்கமும் ஓடணும். அங்க ஏதோ சென்சார் செத்திருக்கு," என்றாள் ஒடீல். அப்படியானால் மூன்று வருட உழைப்பும் குப்பை.

இயந்திரத்தை நிறுத்திவைக்கும் குளிர்காலத்தில், ஒரு மதியம், அந்தப் பக்கத்துக் கருவியைத் திறந்தார்கள். கட்டி மூடியதிலிருந்து யாரும் தொடாத அடுக்கு அது.

"டாக்டரம்மா, உள்ள சீஸ் எதையாவது மறந்து வெச்சிட்டீங்களா?" என்றார் காஸ்பார்.

அவள் சிரிக்கவில்லை. புளித்த பாலும் சொத்தைப் பல்லும் கலந்த நாற்றம்...

ஏணியில் ஏறி, இடுக்குக்குள் தலையை நுழைத்தாள். திருகைக் கழற்ற ஒரு கையுறையை உருவினாள். விரல் எதிலோ பதிந்தது. கொழகொழவென்று. வெதுவெதுப்பாக.

கையை இழுத்தாள். நூல் நூலாகக் கூடவே வந்தது. சட்டையில் துடைத்தாள். போகவில்லை.

ச்சப்... ச்சப்...

பிடரியில் ஏதோ பட்டது. ஈரமாக. மெதுவாக, கீழிருந்து மேலே.

"காஸ்பார், விளையாடாதீங்க."

"நான் கீழ ஏணியப் பிடிச்சிட்டு நிக்கிறேன்மா."

மறுபடியும் பட்டது.

இறங்கிய இடத்திலேயே வாந்தி எடுத்தாள்.

தோல் உரியும் வரை கழுத்தைத் தேய்த்துக் குளித்தும் வாடை விடவில்லை. சென்சாரில் எந்தக் கோளாறும் இல்லை என்றார்கள். அந்தப் பிசினைச் சுரண்டி எடுத்து ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். இறங்கியவர்களின் மாதிரியும் வேண்டும் என்றதால், இருவர் வாயிலும் பஞ்சால் ஒற்றி எடுத்தார்கள்.

அது எச்சில். மனித எச்சில். மேல்படலம்தான் ஈரம், அடிப்படலங்கள் காய்ந்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தன. எல்லாமே ஒரே ஆளுடையது.

ஒடீலுடையது.

அந்த அடுக்கை மூடியபோது அவள் லியோனில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.